சைகோன் நோட்டு

"ரெண்டு கெளுத்திக்கும் ஒரு படி அரிசிக்கும் நூறு பியாஸ்தர் நோட்டா? இது வியாபாரமாடி, வழிப்பறியா?"

ஆஸியா பீவி போட்ட சத்தத்தில், மீன்கூடையைத் தூக்கப் போன காசியம்மா அப்படியே நின்றாள். வாங்கிய சைகோன் நோட்டு இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

பின்வாசலுக்கு உட்புறம், காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜொஹரா நின்றாள். சைகோனில் பிறந்த வியத்நாம்காரி. அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்த சேக் பரீது அவளை நிக்காஹ் செய்து அந்தப் பெயரை வைத்தார். போன வருட ஆரம்பத்தில் நெஞ்சு நோயோடு மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு காரைக்கால் வந்தார். நாலு மாதத்துக்கு முன் இங்கேயே மௌத்தாகிவிட்டார்.

ஆஸியா பீவி அவருடைய அக்காள். தம்பி மனைவிக்குப் பின்கட்டில் ஓர் அறை விட்டிருந்தாள். அடுப்பு மட்டும் தனி. "கட்டு நோட்டு வச்சிருக்கா, அவளுக்கு என்ன கொற?" என்பாள், யார் கேட்டாலும்.

நோட்டுக்கட்டு இருந்தது உண்மைதான். திரும்பிப் போகக் கப்பலுக்கு என்று புருஷன் விட்டுப்போனது. ஆனால் கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் இத்தா முடியும் வரை வாசல் தாண்டக் கூடாதே. கடைத்தெருவுக்குப் போய் மாற்றவும் முடியாது. பின்வாசலுக்கு வருகிற மீன்காரி என்ன விலை சொன்னாளோ, அதுதான் விலை.

"பரீது வந்த புதுசுல இந்த மாதிரி ஒரு நோட்டுக்குப் பதிமூணு ரூபா எண்ணிக் குடுத்தாங்க. உன் மீனும் அரிசியும் ஒரு ரூபா பெறுமா?"

"இஷ்டமிருந்தா வாங்கட்டும். நோட்டை வறுத்தா திங்க முடியும்?" என்றாள் காசியம்மா.

"என்னா வாய் பாரு! அந்த நோட்டுக்கட்டை நான் தொட்டதுகூட இல்ல. தகப்பன் இல்லாத புள்ள காசு, நெருப்புடி அது. வெள்ளைக்காரன் போயிட்டா கோர்ட்டு கச்சேரியும் போயிடுச்சுன்னு நெனச்சியா?"

"சண்டை வேணாம்," என்றாள் ஜொஹரா, தெரிந்த தமிழில். "நான் குடுத்தேன். சும்மா வாங்கல."

"நீ சும்மா இரு புள்ள. ஒனக்கு ஒண்ணும் தெரியாது." ஆஸியா பீவி துப்பட்டியைப் போர்த்திக்கொண்டாள். "வாடி நூகு நானா வீட்டுக்கு. இதுவரைக்கும் எத்தனை சுருட்டினியோ அத்தனையும் கக்கணும்."

"போறப்ப போறேன், எனக்கு மீன் விக்கணும்."

"வரலேன்னா தெருவைக் கூட்டுவேன்."

காசியம்மா ஜொஹராவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

கப்பல் பயணிகளுக்குப் பணம் மாற்றித் தருகிற நூகுவின் வீடு அடுத்த தெருவில். ஆஸியா பீவி உட்காரக்கூட இல்லை.

"நீங்க நூத்துக்கு ரெண்டு கமிஷன் எடுப்பீங்க நானா. இவ நூறையே எடுத்துட்டா!"

நடந்ததைக் கேட்டுக்கொண்ட நூகு காசியம்மாவைப் பார்த்தார்.

"நோட்டெல்லாம் எங்கம்மா?"

காசியம்மா இடுப்புப் பையை அவிழ்த்துப் பாயில் கொட்டினாள். இன்றைக்கு வாங்கியதையும் அதோடு சேர்த்து வைத்தாள்.

"பாத்தீங்களா, பதுக்கி வச்சிருக்கா! வெல ஏறட்டும்னு பாக்குறா. இன்னிக்கு என்ன வெல, சொல்லுங்க நானா. கணக்குப் பண்ணி இவகிட்ட வசூல் பண்றேன்."

நூகு நோட்டுகளைத் தொடவில்லை.

"சொல்லிடவா?" என்றார் காசியம்மாவிடம்.

அவள் தரையைப் பார்த்தாள்.

"வெலயே இல்லம்மா," என்றார் நூகு. "போன வருஷமே அங்க பழைய நோட்டைச் செல்லாதுன்னு ஆக்கிட்டாங்க. மாத்திக்கக் கெடு குடுத்தாங்க, அதுவும் முடிஞ்சுபோச்சு. பரீது படுக்கையில கெடந்தாரு. யாரு போயி அவருக்குச் சொன்னா?"

"அப்ப அவ வச்சிருக்குற கட்டு?"

"காகிதம்."

"கப்பலுக்கு அதைத்தானே நம்பிக்கிட்டு இருக்கா. வர்ற வாரம் இத்தா முடியுது. முடிஞ்ச அன்னிக்கே ஒங்ககிட்ட மாத்திக்கிட்டுக் கெளம்பணும்னு சொல்லிக்கிட்டு இருக்காளே நானா!"



ஆஸியா பீவி காசியம்மாவின் பக்கம் திரும்பினாள். குரலில் பழைய வேகம் இல்லை.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நோட்டு வாங்குன அன்னிக்கே இந்தம்மா எங்கிட்டக் கொண்டாந்துச்சு," என்றார் நூகு. "செல்லாதுன்னுதான் சொன்னேன். அந்தப் பொண்ணுக்கு மட்டும் தெரியவேணாம் பாய்னு கேட்டுக்கிட்டுப் போச்சு."

"தெரிஞ்சுமாடி வாங்குன?"

காசியம்மா பாயில் கிடந்த நோட்டுகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டு முடிந்தாள்.

"புள்ள பசியில அழுதுச்சு பீவிம்மா. சும்மா குடுத்தா அந்தப் பொண்ணு வாங்கல. நோட்டு இருக்குன்னு நீங்க குடுக்கல."