கப்பலுக்குப் புது முதலாளி

"சட்டைக்கு இஸ்திரி எல்லாம் போட்டிருக்கே! புது முதலாளியைக் காக்கா பிடிக்கவா?" என்றாள் பெடல்.

"நீ மட்டும் என்ன, தோட்டை மாட்டிக்கிட்டு நிக்கறே?" என்று திருப்பிக் கேட்டான் லாம்பி.

இருவரும் காரியகூ தீவின் ஹில்ஸ்பரோ படகுத்துறையில் நின்றிருந்தார்கள். பின்னால் அவர்களுடைய பாய்மரக் கப்பல் ஆடிக்கொண்டிருந்தது. லாம்பி அதன் கேப்டன். பகலில் தீவு தீவாக இறங்கிச் சைக்கிள் மிதிப்பதும், பிறகு அடுத்த தீவுக்குப் பாய் விரிப்பதுமாக வரும் சுற்றுலாக் கூட்டத்தைச் சாலையில் மேய்ப்பது பெடலின் வேலை. இன்றைய கூட்டம் கடைத்தெருவில் சங்குக்கறி சூப்பை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தது.

பெடலுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் யூலாலி. அது பாதிரியாருக்கே மறந்திருக்கும். இந்தத் தீவில் பட்டப்பெயர்தான் பெயர். சொந்தப் பெயர் வானொலியில் மரண அறிவிப்பு வாசிக்கும்போதுதான் வெளியே வரும். 'அட, இவரா அவர்!' என்று ஊரே அன்றைக்குத்தான் வாயைப் பிளக்கும்.

"கப்பலை வாங்கறவன் பேரு கத்பர்ட் காலிஸ்ட்டாம்" என்றாள் பெடல். "சைக்கிளை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு மெத்தை நாற்காலியும் மதுக்கடையும் வைக்கப் போறானாம். சமையல்காரி சொன்னா. அப்புறம் நான் எங்கே போறது?"

"கேட்டுப் பாரேன். மனுஷன்தானே?"

"வாய் வரணுமே! உன்கிட்டன்னா கொட்டுது. பெரிய மனுஷங்களைப் பார்த்தா நாக்கு ஒட்டிக்குது."

"அப்போ ஒத்திகை பார்த்துக்கோ. நான்தான் காலிஸ்ட்." லாம்பி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். "ம், சொல்லும்மா."

"முதலாளி வாளியில உட்கார மாட்டான்."

"முதலாளி எங்கே வேணா உட்காருவான். சைக்கிள் மேல்தளத்துல பாதியை அடைச்சுக்குதே, எனக்கு எதுக்கு அது? உப்புக்காத்துல எல்லாம் துரு வேற."

பெடலுக்குச் சுருக்கென்றது. "துருவா? ஒரு சங்கிலியில காட்டுங்க பார்ப்போம்! தினம் துடைச்சு எண்ணெய் போடறேன். மெத்தையில படுக்க அவங்க ஊர்ல மெத்தை இல்லையா ஐயா? நேத்து ஒரு அம்மா விண்ட்வர்ட் மேட்டுல மூச்சு வாங்க வாங்க ஏறினாங்க. உச்சிக்கு வந்து கடலைப் பார்த்துட்டு ஓன்னு அழுதாங்க, அப்புறம் சிரிச்சாங்க. புருஷன் போனதுக்கு அப்புறம் இன்னைக்குத்தான் சிரிக்கறேன்னாங்க. அது உங்க நாற்காலியில வருமா?"

"நல்லாத்தான் பேசறே" என்றான் லாம்பி. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான். "சரி, அந்தக் கேப்டன்? வாய் நீளமாம். அப்பன் விட்டுப்போன நிலத்தை வித்துக் குடிச்சுட்டான்னு ஊரெல்லாம் பேச்சு. அவனைத் துரத்திட்டு பார்படோஸ்லேருந்து வெள்ளைச் சட்டைக்காரன் ஒருத்தனைக் கொண்டு வரலாம்னு இருக்கேன்."

அவள் சிரித்துவிடுவாள் என்றுதான் அவன் நினைத்தான். அவள் சிரிக்கவில்லை.

"அவன் சோம்பேறிதான். வாயைத் திறந்தா வம்புதான். நிலத்தை வித்ததை நினைச்சா எனக்கே பத்திக்கிட்டு வருது. ஆனா புயல் வந்தப்ப இந்தக் கப்பலை அலையாத்திக் காட்டுக்குள்ள கொண்டுபோய்க் கட்டினது யாரு? அவன் வீட்டுக் கூரை பறந்துச்சு ஐயா. போய்ப் பார்க்கக்கூட இல்லை, கப்பல்லயே கிடந்தான். எங்க ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் வச்சுக்குவீங்கன்னா, என்னை அனுப்பிடுங்க. அவனுக்கு இதை விட்டா வேற எதுவும் கிடையாது."

லாம்பி கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெயிலில் கண் கூசுகிறது என்றான். மேகம் மூடியிருந்தது.

அதற்குள் கிரெனடாவிலிருந்து வரும் படகு துறையை இடித்து நின்றது. முதல் ஆளாக இறங்கியவர் கறுப்புக் கால்சட்டை, தோல் பை, குடை சகிதமாக இருந்தார்.

"வந்துட்டான்!" என்று பெடல் பாய்ந்தாள். எங்கே நாக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று மூச்சு விடாமல் கொட்டினாள். "காலிஸ்ட் ஐயா, வணக்கம்! சைக்கிளைத் தூக்கிடாதீங்க, ஒண்ணுலகூட துரு இல்லை. அந்தக் கேப்டனைத் துரத்திடாதீங்க. வாய்தான் அப்படி, ஆள் தங்கம்!"

குடைக்காரர் இரண்டடி பின்வாங்கினார். "அம்மா, அம்மா! நான் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா." அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் பெரிதாக ஒரு கும்பிடு போட்டார். "வாழ்த்துகள் ஐயா! நிலம் வித்த பணத்தைக் கட்டியாச்சு, பத்திரம் முடிஞ்சுது. இன்னையிலேருந்து கப்பல் உங்களோடது."

பெடல் திரும்பினாள். பின்னால் வேறு யாருமே இல்லை, வாளியிலிருந்து மெல்ல எழுந்துகொண்டிருந்த லாம்பியைத் தவிர.

"நீ இவ்வளவு கெஞ்சறதால அந்தச் சோம்பேறியை வச்சுக்கறேன்" என்றான் கத்பர்ட் காலிஸ்ட். "ஆனா அவனைத் தினம் திட்டறதுக்கு நீயும் இருக்கணும், பெடலு."