மொட்டை டயர்

பள்ளிக்கூட வேன் பாளையங்கால்வாய்க் கரையில் ஒரு முன்சக்கரத்தை அந்தரத்தில் தொங்கவிட்டு நின்றது. பதினொரு பிள்ளைகளையும் பின்கதவு வழியாக இறக்கியாயிற்று. ப்ரீதாவுக்கு மட்டும் நெற்றியில் ரத்தம்.

ப்ரீதாவின் அப்பா பாக்கியசீலன் பாளையங்கோட்டையில் டயர் கடை வைத்திருப்பவர். மழையில் பைக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்தவர், டிரைவர் பூதத்தானை ஓங்கி அறைந்தார்.

"குடிச்சிட்டா ஓட்டுத?"

"இல்ல அண்ணாச்சி. மாடு குறுக்க வந்துட்டு. பிரேக்கை மிதிச்சேன். வண்டி நிக்கல. தண்ணி மேலேயே வழுக்கிட்டுப் போயிட்டு."

ஓடிவந்திருந்த பெற்றோர் யாரும் நம்பவில்லை. செல்போன் பார்த்திருப்பான் என்றார் ஒருவர். லைசென்ஸைப் பிடுங்கி உள்ளே தள்ள வேண்டும் என்று வேனில் வந்த ஒரு பையனின் அம்மா சுப்புலக்ஷ்மி நோட்டுத் தாளில் புகாரே எழுதிவிட்டாள். பூதத்தானுக்கு அந்த லைசென்ஸ்தான் சோறு. கன்னத்தைப் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றான்.

முதல் கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கிய பாக்கியசீலன், வேனின் பின்சக்கரத்தைப் பார்த்து நின்றுவிட்டார். குனிந்து தடவினார். மற்ற மூன்றையும் போய்ப் பார்த்தார்.

"நாலும் மொட்டை. டயர் மேல வரிவரியா இருக்குமே பட்டன், அது ஒண்ணுல கூட இல்ல. பட்டன் இடுக்கு வழியாத்தான் தண்ணி வெளிய போவும். இடுக்கு இல்லன்னா தண்ணி அடியில நின்னுக்கிடும், டயரு ரோட்டையே தொடாது. பொறவு எவன் பிரேக் அடிச்சி என்ன?"

புகாரில் பூதத்தான் பெயரை அழுத்தி அடித்தார். இதில் பிள்ளைகளை ஏற்றச் சொன்னவன் மனுசனா என்று கத்தினார். வேன் முதலாளிக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்த எஃப்.சி.யின் தேதி கதவில் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. வாங்கி இருபது நாள்தான் ஆகியிருந்தது.

புகார்த் தாளில் பேனாவை ஊன்றினார்.

"இந்த டயரைப் பாத்துட்டு எஃப்.சி. குடுத்த ஆபீசர் எவம்லே? பேரைச் சொல்லு, எழுதுதேன். அவன் வேலைக்கு உலை வைக்காம விடமாட்டேன்."

பூதத்தான் கன்னத்திலிருந்து கையை எடுத்தான்.

"ஆபீசர் நல்ல டயரைத்தான் பாத்தாரு அண்ணாச்சி. எஃப்.சி. காட்டுததுக்குன்னே நீங்க வாடகைக்கு விடுதியளே, அந்த நாலு டயரு. அடுத்த வண்டி காத்துக் கெடக்குன்னு அன்னைக்குச் சாயந்தரமே ஆளு விட்டுக் கழத்தி வாங்கிட்டிய."