பேத்திக்குத் தராத முத்தம்

பேத்தியைப் பார்க்கப் புறப்பட்ட அன்று காலை என் உதட்டோரம் கொப்புளம் வெடித்திருந்தது. சந்தோஷம் வந்தாலே எனக்கு அப்படித்தான். கல்யாணப் படங்களில்கூட வீங்கிய உதட்டோடுதான் இளித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கொப்புளத்து வைரஸ்தான் முதுமையில் நினைவைத் தின்கிறது என்று தெரிந்த பிறகு, தொற்றுள்ளவர்கள் தொற்றில்லாதவர்களை முத்தமிடக் கூடாதென்று சட்டமே வந்துவிட்டது.

மருத்துவமனை வாசலில் பரிசோதித்து, என் சட்டையில் தொற்றுள்ளவன் என்று காட்டும் சிவப்பு வில்லையை ஒட்டினார்கள். வெள்ளைச் சட்டைக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

அறைக்குள் மகள் செவ்வந்தி முகக்கவசத்தோடு குழந்தையை ஏந்தியிருந்தாள். அவள் தோளிலும் சிவப்பு வில்லை.

"உனக்கு யாரும்மா இதக் குடுத்தது?" என்று கோபமாகக் கேட்டேன்.

"வேற யாரு? என் சின்ன வயசுல நீங்க வேலைக்குப் போறப்ப ஒரு முத்தம், வந்தா பத்துன்னு குடுத்தீங்களே, நீங்கதான்."

பெரிய போலீஸ்காரன்போல விசாரித்த நானே குற்றவாளியாகிவிட்டேன்.

"பெத்த பிள்ளைக்கு நீயே ஒரு முத்தம் குடுக்க முடியாமப் பண்ணிட்டேனேம்மா" என்றேன். கண் கலங்கிவிட்டது.

செவ்வந்தி குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள். என்னருகே வந்து, கவசத்தை இறக்கி, என் கன்னத்தில் அழுத்தமாக முத்தமிட்டாள்.

"நமக்குள்ள தடையில்லப்பா."