கொடுக்காத ரத்தம்

சொந்த அண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, பெரியப்பா மகன் மடியில் குழந்தையை உட்காரவைத்துக் காது குத்தினாள் கோகிலவாணி.

குலதெய்வக் கோயிலில் கூடியிருந்த சனம் வாயைப் பொத்திக்கொண்டு பேசியது. பேசட்டும். தாய்மாமன் என்கிற உரிமையை அண்ணன் கந்தவேல் போன வருஷம் ஆஸ்பத்திரியிலேயே தொலைத்துவிட்டான் என்பது அவள் முடிவு.

பிரசவத்தில் அவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் ரத்தம், லேசில் கிடைக்காது. அண்ணனுக்கும் அதே வகைதான். சேதி கேட்டுத் திருச்செங்கோட்டிலிருந்து ஓடிவந்தவன், அவள் மாமியார் பூவாத்தாள் முன்னால் நின்று, "என்னால குடுக்க முடியாதுங்க" என்றான். ஏன் என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போய்விட்டான்.

கடைசியில் அதே வகை ரத்தமுள்ள பெரியப்பா மகன் பச்சமுத்துதான் வந்து ரத்தம் கொடுத்தான். அவள் பிழைத்தாள்.

"மூஞ்சியில ரத்தம் சொட்டுது, தங்கச்சிக்குக் குடுக்க மனசு வரல பாரு" என்று பூவாத்தாள் ஊரெல்லாம் சொல்லித் தீர்த்தாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அண்ணனுக்கு அந்தச் சதையும் ஆடவில்லையே என்று கோகிலவாணிக்கு மனசு விட்டுப்போயிற்று.

அதுகூட ஆறியிருக்கும். போன மாதம் காய்ச்சல் என்று குழந்தையைச் சேலம் அஸ்தம்பட்டிக்குத் தூக்கிப் போனாள். அங்கே ஆஸ்பத்திரியில் திரைக்குப் பின்னால் கந்தவேல் படுத்திருந்தான். அவன் கையிலிருந்து ரத்தம் பைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஊராருக்கு அள்ளிக் கொடுக்கிறவன் கூடப்பிறந்தவளுக்கு மட்டும் இல்லையென்று சொல்லியிருக்கிறான். அவன் கண்ணில் படாமல் திரும்பிவிட்டாள். அன்றைக்கே பச்சமுத்துவுக்குப் போன் செய்து, மாமன் முறைக்கு நீதான் வரவேண்டும் என்றாள். அவன் என்னென்னவோ சாக்குச் சொன்னான். அவள் விடவில்லை.

காது குத்தி முடிந்ததும் பச்சமுத்து குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு மதில் ஓரமாகக் கூப்பிட்டான்.

"புளியமரத்துக்குப் பின்னால நின்னு பாத்துட்டு இருக்கறான் பாரு அம்மிணி, உங்கண்ணன்."

"கூப்பிடாத எடத்துக்கு எதுக்கு வந்துச்சாம்?"

"இனி என்னால மறைக்க முடியாது. அன்னைக்கு எனக்குப் போன் போட்டு அழுது, வரவெச்சவனே அவந்தான். அவன் ரத்தத்துல சிவப்பணு அளவுக்கு மேல பெருகிப்போச்சு. ரத்தம் கூழாட்டம் கெட்டியாகி ஓடமாட்டேங்குது. அப்பப்ப ஒரு பை எடுக்கலீன்னா அடைச்சுக்கும், பக்கவாதம் வந்துரும். எடுக்கற ரத்தம் ஆருக்கும் ஆவாது, கீழதான் கொட்டறாங்க. மூஞ்சி செவந்து கெடக்கறதும் அதனாலதான்."

கோகிலவாணி புளியமரத்தின் பக்கம் திரும்பினாள். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ அவனுக்காக மாமியாகிட்டச் சண்டைக்கு நிப்பே, விசயம் வெளிய வந்துரும்னான். 'நோய்க்கார வம்சத்துல பொண்ணெடுத்தோம்னு பொறந்த புள்ளையவும் சேத்துப் பேசுவாங்க. என்னையக் கல்நெஞ்சுக்காரன்னு மட்டும் சொல்லிட்டுப் போவட்டும்'னான்."

புளியமரத்தடியில் பைக் கிளம்பிற்று. கோகிலவாணி குழந்தையின் காதைப் பார்த்தாள். குத்திய காதை இனி மாமன் மடியில் வைத்துக் குத்த முடியாது. எத்தனை பெரிய பாவத்தைச் செய்துவிட்டோம் என்று நினைத்தாள்.

பின்னால் பூவாத்தாள் வந்து நின்றாள். "உங்கண்ணன் வந்துட்டுப் போறானாமே, என்னத்துக்காம்?"

உண்மை வாய்வரை வந்தது. சொல்லிவிட்டால் அண்ணன் ஒரு வருஷமாகச் சுமந்த பழி வீணாகிவிடும்.

"வெக்கங்கெட்ட மனுசனுங்க அத்தே, உட்டுத் தள்ளுங்க" என்றாள் கோகிலவாணி.