சர்க்கரைக்கு ஒரு டம்ளர்

"நிஜம் செப்பண்டி, என்னத்தைக் குடிச்சீங்க?"

டாக்டர் வரலட்சுமி பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் கேட்பது இது மூன்றாவது தடவை. திருப்பதி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த பாலசுந்தரம் அதுவரை இரண்டு பொய் சொல்லியிருந்தார். முதலில் பஜ்ஜி. அப்புறம் ஓட்டல் சாம்பார். நெஞ்சு திகுதிகுவென்று எரிந்ததில் மூன்றாவது பொய்க்குத் தெம்பில்லை.

"மருந்துதான் மேடம். வூட்ல நானே செஞ்சது. சக்கரைக்கு."

"எதுல செஞ்சீங்க?"

கால்மாட்டில் நின்ற மனைவி இந்திராணியைப் பார்த்தார். அவள் சன்னலைப் பார்த்தாள்.

"நூல் வெளுக்கிற பவுடருங்க. குவைத்துல இருக்கிற பையன் செல்போன் அனுப்பினான். அதுல வீடியோவுல ஒரு வெள்ளைக்காரரு சொன்னாரு."

"அவர் பேசினது புரிஞ்சுதா?"

"புரியல. ஆனா கோட்டு போட்டிருந்தாரு மேடம்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "உங்களுக்கு என்ன வேலை?"

"நகரியில தறிங்க. முப்பது வருசமா."

"அந்தப் பவுடர்ல நூலை அதிக நேரம் ஊறப்போட்டா என்ன ஆகும்?"

"ஐயய்யோ! இத்துப் போயிடும். தொட்டாலே பொடிப்பொடியா..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். நூலுக்குக் காட்டிய அக்கறையைச் சொந்தக் குடலுக்குக் காட்டவில்லை என்பது, முப்பது வருஷ அனுபவஸ்தருக்கு அப்போதுதான் உறைத்தது. தன்னை நினைத்துச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தொண்டை எரிந்தது.

ஆனாலும் விடவில்லை.

"ஒண்ணு சொல்றேன் மேடம். மூணு மாசமா தினம் காலைல ஒரு டம்ளர் குடிச்சிக்கினு வர்றேன். இவதான் ஊத்திக் குடுப்பா. மாத்திரையத் தொட்டதே இல்ல. முன்னூத்தம்பது இருந்த சக்கரை நூத்தி நாப்பதுக்கு எறங்கிச்சு, ரிசல்ட்டு வூட்ல இருக்குது. தெருவுல என்னை டாக்டருன்னுதான் கூப்பிடறாங்க. பக்கத்து வூட்டு கங்கையாவுக்கு நாளைக்கு ஒரு பாட்டில் தர்றதா இருந்தேன். இன்னைக்கு மட்டும் ஏன் இப்படி ஆச்சுன்னுதான் புரியல."

டாக்டரின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"மூணு மாசமா? ஒரு டம்ளருக்கே தொண்டையெல்லாம் வெந்திருக்கு. மூணு மாசம் குடிச்சவரு இப்படி எங்கூட பேசிட்டிருக்க முடியாது."

"சத்தியமா குடிச்சேன் மேடம்! இன்னாமே சும்மா நிக்கிற? சொல்லேன்!"

இந்திராணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"இவரு செய்யறதைப் பூரா சாக்கடையில கொட்டிட்டு, சீரகத் தண்ணியில ஊரு டாக்டரு எழுதிக் குடுத்த சக்கரை மாத்திரையத்தான் தூள் பண்ணிப் போட்டு தினமும் குடுத்துக்கினு இருந்தேன் மேடம். நேத்து பிச்சாட்டூர்ல எங்கண்ணன் வூட்டு விசேசத்துக்குப் போயிட்டேன். இன்னைக்குக் காலைலதான் மொதமொத இவரே ஊத்திக் குடிச்சிருக்காரு."