ரத்தத்தில் பூஞ்சை
பஸ்ரா ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவிலிருந்து சப்ரியா ஓடி வந்தாள். வராந்தாவில் காத்திருந்தவர்களில் யாரோடும் அதிகம் பேசாத ஷாக்கிரிடம்தான் முதலில் சொன்னாள்.

“அண்ணே, என் மகளுக்குக் காய்ச்சல் இறங்கிடுச்சு! ரத்தத்துல பூஞ்சை பரவியிருந்துச்சாம், அதான் எந்த மருந்துக்கும் அடங்கலையாம். ஒரு லேடி டாக்டர்தான் அதைச் சோதிக்கச் சொன்னாங்களாம்.”

ஷாக்கிர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “என் மக நிதால்தாம்மா அது.”

“டாக்டரோட அப்பாவா நீங்க? அப்புறம் ஏன் எங்களோட காத்துக் கிடக்கீங்க? கூப்பிடுங்க, அவங்க கையில முத்தம் குடுக்கணும்.”

“கை ஆறட்டும்மா. ஜெனரேட்டர் தீயில வெந்து, உன் மகளுக்கு அடுத்த கட்டில்லதான் கிடக்கா. உன் பொண்ணு நடுங்கறதைப் பாத்து, படுத்த படுக்கையிலேயே கண்டுபிடிச்சிருக்கா, என் சிங்கக்குட்டி!”