பன்னு கொடுத்த உத்தரவு

உதறிடாத ராசா, உதறிடாத.

ஆட்டைப் பார்த்து அவள் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

பூசாரி இரண்டாவது செம்பையும் ஊற்றிவிட்டார். மஞ்சள் தண்ணீர் கிடாயின் நெற்றியில் விழுந்து, காதோரம் வழிந்து, மாலையை நனைத்துத் தரையில் சொட்டியது.

கிடாய் கல்லாட்டம் நின்றது.

கருப்பன் கோவிலில் காலங்காலமாக இதுதான் வழக்கம். தண்ணீர் பட்டதும் ஆடு உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, ஆடும் சம்மதித்துவிட்டது. அப்புறம்தான் அரிவாள். சம்மதித்துப் போகிற உயிர் நேரே சாமி காலடியில் போய்ச் சேர்ந்துவிடுமாம்.

உதறவில்லை என்றால்?

சாமிக்கு ஏதோ மனக்குறை. நேர்ந்துகொண்ட வீட்டுக்கு ஆகாது.

நேர்ந்துகொண்டவன் அவள் புருஷன் இருளப்பன். போன வருஷம் ஐப்பசியில் மகள் சஷ்டிகா டெங்குக் காய்ச்சலில் கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். ரத்தம் ஏற்றியும் தேறவில்லை. திருப்பூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, ஊர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டான். பிள்ளையை என்கிட்ட விட்டுடு, உனக்குக் கிடாய் தர்றேன்.

மறுநாள் பிள்ளை கஞ்சி கேட்டது.

வாங்கி வந்தபோது அது பால்குடி மறக்காத குட்டி. கோவிலுக்கென்று நேர்ந்துவிட்டது, பேர் கீர் வைக்காதீங்க என்று மாமியார் படித்துப் படித்துச் சொன்னாள். மூன்று வயசுப் பிள்ளை கேட்குமா? தன் பன்னைப் பிட்டு ஊட்டியது. அதையே பேராகவும் வைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமையானால் மொட்டை மாடியில் இரண்டுக்கும் குளியல். ரப்பர் குழாயில் தண்ணீர் அடித்ததும் பன்னு அப்படியே நிற்கும். சஷ்டிகா கைதட்டி ஒரு வார்த்தை சொல்வாள். உடனே மூக்கிலிருந்து வால்வரைக்கும் ஒரு உதறு உதறும். அவளும் தலைமுடியை உதறுவாள். துவைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் மறுபடி நனைந்து, கீழ்வீட்டு அம்மாள் கத்தோ கத்தென்று கத்துவாள்.

அந்த வார்த்தை வராமல் பன்னு உதறாது. பெற்றவளுக்கு அது தெரியும்.

அதனால்தான் பிள்ளையை டெம்போவிலேயே நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

மூன்றாவது செம்பு.

பன்னு திரும்பித் திரும்பிப் பார்த்தது. யாரையோ தேடியது. உதறவில்லை.

கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியது. இருளப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது. தடாலென்று மண்ணில் விழுந்தான். தப்பு எதுவானாலும் என்னை எடுத்துக்கப்பா, பிள்ளையை விட்டுடு என்று வாய்விட்டு அழுதான். ஆஸ்பத்திரியில்கூட அவன் இப்படி அழவில்லை.

அவள் அவனையும் ஆட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஐயோ, நான் கேட்டது பலித்துவிட்டதே. இது யார் தலையில் போய் விடியும்? காய்ச்சலில் கொதித்துக் கிடந்த அந்தச் சின்ன உடம்பு கண்முன்னால் வந்து நின்றது. உதறு, உதறித் தொலையேன் என்று இப்போது நெஞ்சு அடித்துக்கொண்டது. பாழாய்ப்போன மனசு, ஒன்றில் நிற்கிறதா?

அந்நேரம் பார்த்துக் கூட்டத்தின் கால்களுக்குள் புகுந்து சஷ்டிகா வந்து சேர்ந்தாள். அத்தைக்காரியை ஏய்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள். சொட்டச் சொட்ட நிற்கிற பன்னுவைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே சிரிப்பு. கையைத் தட்டினாள்.

"பன்னு, சிலுசிலு!"

பன்னு உதறியது.

மூக்கிலிருந்து வால்வரைக்கும்.

குலவை கிளம்பியது. பிள்ளை வாயில் கருப்பனே வந்து கேட்டுவிட்டான் என்று பூசாரி சிலிர்த்துப்போனார். இருளப்பன் மண் ஒட்டிய முகத்தோடு எழுந்து கும்பிட்டான். சிரித்தான், அழுதான்.

அது உத்தரவு இல்லைங்க. எங்க வீட்டு விளையாட்டு.

நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சொல்ல நேரமும் இருந்தது. பூசாரி அரிவாளைத் தீபத்தில் காட்டினார், நெற்றிக்குக் கொண்டுபோய்க் கும்பிட்டார், வேட்டியை மடித்துக் கட்டினார். அவ்வளவு நேரமும் இருந்தது.

அவள் சொல்லவில்லை. பிள்ளையின் முகத்தை இழுத்துத் தன் வயிற்றோடு வைத்து அழுத்திக்கொண்டாள்.

திரும்பி வரும்போது டெம்போவில் பன்னு எங்கே, பன்னு எங்கே என்று சஷ்டிகா நச்சரித்தாள். மாமியார் அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு சமாதானம் சொன்னாள். பன்னு சாமிகிட்டப் போயிருச்சு. தண்ணி ஊத்துனதும் உதறுச்சில்ல, அதான் சாமி கூட்டிக்கிட்டாரு.

அப்புறம் பிள்ளை கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

மொட்டை மாடியில் அவள் பிள்ளையை நிற்கவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினாள்.

சஷ்டிகா அசையாமல் நின்றாள். கண்ணில் வழிந்ததைக்கூடத் துடைக்கவில்லை. இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து நின்றாள். குளிரில் பல் கிட்டியது.

தலையை உதறு தங்கம், சளி பிடிச்சுக்கும் என்றாள் அவள்.

பிள்ளை தலையைக்கூட ஆட்டவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"உதற மாட்டேம்மா. நான் சாமிகிட்டப் போகல."